குருசுப்பாறையின் கதவுகள்

போன மாதம் ஒரு மத்தியானம் தாலுகா அலுவலகத்திலிருந்து கவிதா போனில் கூப்பிட்டது. நான் ஓய்வு பெற்ற பிறகு சர்வேயராக வந்த பிள்ளை. எப்போதாவது, பழைய கல் எங்கே இருக்கிறது, ஓடை முன்பு எந்தப் பக்கமாக ஓடியது என்று கேட்கும். அன்றைக்குக் கேட்டது வேறு.

"காளை அண்ணே, தாலுகாவுக்குக் கையேடு ஒண்ணு தயார் பண்றோம். ஊருக்கு ஒரு பக்கம். நில அமைப்பு, வரலாறு, மக்கள்தொகைன்னு மூணு தலைப்பு. குருசுப்பாறைன்னு ஒரு பேரு வருது. நில அமைப்பு படத்தப் பாத்து எழுதிட்டேன். மக்கள்தொகை 'இல்லை'ன்னு இருக்கு. வரலாறுல என்னண்ணே போடுறது?"

"விட்டுற வேண்டியதுதான ஆத்தா?"

"காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்கிற மாட்டேங்குது அண்ணே."

எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது இரண்டு வரி. எனக்கு இரண்டு வரியில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் நில அளவைத் துறையில் செயின்மேனாக இருந்தவன். சர்வேயர் அளக்கும்போது சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முள்ளுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் போகிறவன் செயின்மேன். கொடிக்கம்பு நடுவதும், கல் சுமப்பதும், குழி தோண்டுவதும் அவன் வேலை. இப்போது சங்கிலி இல்லை. ஒரு கம்பின் தலையில் கருவியை வைத்து, வானத்தைப் பார்த்து அளக்கிறார்கள். நல்லதுதான். அந்தச் சங்கிலி கையைத்தான் அறுத்தது. அது போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினேன். ஜீப்பில் கிளீனர், கட்டப்பனையில் ஓட்டலில் எச்சில் இலை எடுப்பது, செங்கல் சூளை, ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பது என்று எதிலும் ஒரு வருசம் நிலைத்தது கிடையாது. கால் ஒரு இடத்தில் நிற்காது. மருந்தடித்ததில் நெஞ்சு கெட்டுப்போய் ஊர் வந்தபோது, சர்வே ஆபீசில் கல் தூக்க ஆள் கேட்கிறார்கள் என்றார்கள். தினக்கூலிக்குப் போனேன். தினம் ஒரு ஊர், தினம் ஒரு காடு. அந்த வேலைக்கு என் கால் சரியாக இருந்தது. பல வருசம் கழித்து நிரந்தரம் ஆக்கினார்கள். பயிற்சி என்று எதுவும் இல்லை. முதல் நாள் சங்கிலியைக் கையில் கொடுத்து, "இழு" என்றார்கள். அவ்வளவுதான்.

இந்தப் பள்ளத்தாக்கை எனக்குக் காலால்தான் தெரியும். மேற்கே கேரளத்து ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவில் முல்லையாறு. லோயர்கேம்ப்பில் குழாய் வழியாக இறங்கும் பெரியாற்றுத் தண்ணீர் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வயலெல்லாம் நனைத்து, வைகையில் சேர்ந்து அணைக்குப் போய்விடும். ஆற்றை ஒட்டியவனுக்கு இரண்டு போகம். கொஞ்சம் மேடேறினால் தென்னை, வாழை, திராட்சை. ஓடைப்பட்டிப் பக்கம் பந்தல் பந்தலாகத் திராட்சை நிற்கும். அதற்கும் மேலே, மலை அடிவாரத்தில், தண்ணீர் ஏறாது. அங்கே இலவமரமும் சாமையும் மொச்சையும்தான். வானத்தை நம்பிய வெள்ளாமை. ஆற்றங்கரை ஊர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். அடிவாரத்து ஊர்களுக்குப் போகிறவன் எங்களைப் போன்றவன்தான்.

என் காலத்தில் பல சர்வேயர்களோடு நடந்திருக்கிறேன். சிலர் மரத்தடியில் உட்கார்ந்து அளந்துவிடுவார்கள். பொன்னையா சார் அப்படி இல்லை. ஒல்லியான ஆள், கறுப்புக் குடை, சட்டைப் பையில் சீவிய பென்சில். தன்னைவிட மூத்தவரையும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். காலையில் வேலை தொடங்குமுன், ஆபீஸ் வாசலில் அடித்த இரண்டு ஆணிகளுக்கு நடுவே சங்கிலியைப் பிடித்துப் பார்ப்பார். வெயிலில் இரும்பு நீளும், இழுத்து இழுத்து வளையம் விரியும். சரியில்லை என்றால் அன்றைக்கு அளவு கிடையாது.

அளக்கும்போது நான் அளவைக் கத்த வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்வார். அவர் சொன்னதை நான் மறுபடி சொல்ல வேண்டும். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் பென்சில் தாளில் படும். கடைசிக் கல் ஊன்றும் வரைக்கும் அந்த ஊரில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். "ஒருத்தன் வீட்டுல குடிச்சா, பக்கத்து வீட்டுக்காரன் கல்லு நகந்துருச்சும்பான் தம்பி," என்பார். வீட்டு மனையை அளக்கையில் இன்னொரு வழக்கம் வைத்திருந்தார். அந்த வீட்டு ஆள் வந்து ஒவ்வொரு மூலைக் கல்லிலும் கை வைக்க வேண்டும். "கையை வைங்க. இது உங்க மூலைதானா?" என்று கேட்பார். ஆமாம் என்ற பிறகுதான் அடுத்த மூலை. கை வைக்க ஆள் இல்லாத மனையை அவர் அளந்ததில்லை.

குருசுப்பாறைக்கு அவரோடுதான் போனேன்.

ராயப்பன்பட்டியைத் தாண்டிக் கிழக்கே மலையைப் பார்த்துப் போனால் ஒரு காட்டோடை குறுக்கே வரும். கோடையில் மணல். ஐப்பசி, கார்த்திகையில் மேகமலையில் மழை பிடித்தால் யானையையும் உருட்டும். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை, பாறை மேல் கல் சிலுவை, அதன் கீழே இருபதுக்கு மேற்பட்ட ஓட்டு வீடுகள், ஒரு சின்ன அந்தோனியார் கோயில். அதுதான் ஊர். ஏதோ ஒரு பஞ்சத்தில், பழைய வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்கள் சில அடிவாரத்தைத் திருத்தி விதைக்க வந்து தங்கியவை என்றார்கள். சாமியார் ஒருவர் வந்து பாறையில் சிலுவை நட்டுப் போனாராம். பள்ளிக்கூடம் இல்லை. கடை இல்லை. தபால்காரர் ஓடை தாண்ட மாட்டார். கடிதங்களை இக்கரையில் டீக்கடையில் போட்டுவிடுவார்.

அவர்களுக்கு ஓடையில் பாலம் வேண்டும். வருசக்கணக்காக மனுக் கொடுத்து, கடைசியில் மேலே இருந்து ஒரு கேள்வி வந்தது. ஓடைக்கு அப்பால் இருப்பது குடியிருப்பு நத்தம்தானா, வீடுகளில் ஆள் வாழ்கிறார்களா, அளந்து அறிக்கை கொடு என்று. நத்தம் என்றால் ஊர் குடியிருக்கும் நிலம். குடி உண்டு என்று அறிக்கை போனால் பாலம். இல்லை என்றால் கோப்பை மூடிவிடுவார்கள்.

உத்தரவு எங்கள் கைக்கு வந்தபோது ஆவணி.

நாங்கள் ஓடை தாண்டி ஏறியபோது ஊரில் ஒரு சத்தம் இல்லை. எந்த வீட்டுக்கும் கதவு இல்லை. வரிசையாக நிலைகள் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. உள்ளே அடுப்பு, உரல், பரண் எல்லாம் பெருக்கிச் சுத்தமாக இருந்தன. பொன்னையா சார் குடையை மடக்கிவிட்டு நின்றார்.

"யாரு வேணும்?" என்று ஒரு குரல். கோயிலை ஒட்டிய வீட்டிலிருந்து நாற்பது வயதுள்ள ஒரு பொம்பளை வந்தார். சவேரியம்மா. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் கதவு இருந்தது.

"பாலத்துக்கு அளக்க வந்துருக்கோம். ஊர்ல ஆள்க எங்க தங்கச்சி?" என்றேன்.

"பாலத்துக்கா!" முகமே மாறிவிட்டது. "எல்லாரும் கேரளாவுக்கு ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போயிருக்காகண்ணே. ஆடியில ஏறுனா தையிலதான் இறங்குவாக. அங்கன தோட்டத்து லைன் வீடு, லயத்துல தங்கிப் பழம் எடுப்பாக."

"கதவெல்லாம்?"

கோயிலைத் திறந்து காட்டினார். சுவரில் சாத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக, ஊரின் கதவுகள் அத்தனையும் உள்ளே இருந்தன. மேலே அந்தோனியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

அவர்கள் ஊர் வழக்கம் அது. எல்லாம் வேங்கை மரக் கதவுகள். முன்னோர் இழைத்தவை. வீட்டில் விலைபோகிற பொருள் அது ஒன்றுதான். ஒரு வருசம் பூட்டிவிட்டுப் போனார்களாம். பூட்டு தொங்கினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று வந்த திருடர்கள், உள்ளே ஒன்றும் இல்லாததைக் கண்டு கதவையே தூக்கிப் போய்விட்டார்கள். அதிலிருந்து மலையேறும்போது கதவுகளைக் கழற்றிக் கோயிலில் வைத்து, ஒரு குடும்பத்தைக் காவலுக்கு விடுவார்கள். கதவின் மேலும் கீழும் இருக்கும் மரக்குடுமி நிலையின் குழியில் உட்காரும். இரண்டு பேர் தூக்கினால் வந்துவிடும்.

அந்த வருசம் காவல் சவேரியம்மாவுக்கு. காரணம் உள்ளே கட்டிலில் கிடந்தது. அவர் புருசன் அருளப்பன் தோட்டத்தில் நிழல் மரம் கவாத்து செய்யும்போது கிளையோடு விழுந்தவர். இடுப்புக்குக் கீழே விளங்காது. மாதத்துக்கு இரண்டு தரம் மூத்திரம் அடைத்துக்கொள்ளும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாய் மாற்ற வேண்டும். ஓடை வற்றியிருந்தால் நான்கு பேர் ஒரு கதவில் படுக்கவைத்துத் தாண்டித் தூக்கிப் போவார்கள்; ஊர் மலையேறிய மாதங்களில் இக்கரை ஆட்கள் வந்து தூக்குவார்கள். ஓடையில் வெள்ளம் வந்துவிட்டால் வழியில்லை.

"மத்தவுகளுக்குப் பாலம் கெடச்சா நல்லது. இவருக்குப் பாலம் இல்லைன்னா ஆளே இல்ல," என்றார் சவேரியம்மா.

உள்ளே இருந்து அருளப்பன் சத்தம் கொடுத்தார். "யாரு, எம்பொண்டாட்டி அண்ணேங்குறா? அப்ப நீரு எனக்கு மச்சான்லய்யா! வெறுங்கையோடயா மாப்பிள்ள வீட்டுக்கு வாரது?"

"சங்கிலி கொண்டாந்துருக்கேன் மாப்ள."

"தங்கமா?"

"இரும்பு."

"அதானே. நம்ம சாதி சனத்துக்கு அதுதான் வாய்க்கும்," என்று சிரித்தார். கொழகொழவென்று இருமலில் முடிந்தது.

பொன்னையா சார் அன்றைக்கு எதையும் அளக்கவில்லை. பாறை நிழலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஊரையே பார்த்தார். பிறகு சவேரியம்மாவிடம் சொன்னார். "தம்பி, நா நம்புறேன். ஆனா எனக்கு மேல ஒருத்தர் வந்து பாத்துக் கையெழுத்துப் போடணும். அவரு பாக்கும்போது வீடு வீடாத் தெரியணும். ஒவ்வொரு வீட்டு ஆளும் நின்னு கல்லுல கை வைக்கணும். வரச் சொல்ல முடியுமா?" பொம்பளையையும் அவர் தம்பி என்றுதான் சொன்னார். சவேரியம்மா சிரிக்கவில்லை.

இக்கரையில் ஒரு ஆளைப் பிடித்து, வரச் சொல்லி மலைக்கு அனுப்பினார். பதில் நான் எதிர்பார்த்ததுதான். பழுத்த காயை விட்டுவிட்டு இறங்கினால் கங்காணி லயத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். நானும் அந்த லயத்தில் படுத்தவன், தெரியும். "தையில வந்து ஊரோட நிக்கிறோம், அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். பொன்னையா சார் தை மாதம் வரை தவணை கேட்டு எழுதினார். புரட்டாசியிலேயே மேலதிகாரி வரும் நாளைக் குறித்து உத்தரவு வந்துவிட்டது.

"ஆள்தான் வரல. வீட்டையாவது வீடாக் காட்டுறேன்," என்றார் சவேரியம்மா. அதிகாரி வருவதற்கு முந்தின இரண்டு நாளும் நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். நானும் அவரும் ஒவ்வொரு கதவாகச் சுமந்து மாட்டினோம். ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். தூக்கி மேல் குடுமியைச் செருகி, கீழ்க் குடுமியைக் குழியில் இறக்க வேண்டும். அருளப்பன் கட்டிலில் கிடந்தபடி சத்தத்தை வைத்தே சொல்வார். "ஏய், அது மிக்கேல் வீட்டுக் கதவு. முனகுது பாரு, அவன் பொண்டாட்டி மாதிரி."

பாதி மாட்டிய பிறகுதான் எனக்குக் கண்ணில் பட்டது. ஒவ்வொரு கதவிலும் ஊராட்சித் தகரத் தகடு, வீட்டு எண். முதல் வீட்டில் பதினேழு. அடுத்தது மூன்று. அதற்கடுத்தது இருபது.

"என்ன தங்கச்சி இது? சீட்டுக் குலுக்குன மாதிரி இருக்கு?"

அப்போதுதான் சவேரியம்மா சிரித்து நான் பார்த்தேன். சில வருசம் முன்னால் தகடு அடிக்கிற ஆள் வந்தபோதும் இதே மாதிரி ஏலக்காலம். காவலுக்கு இருந்த கிழவருக்குக் காது கேட்காது. தகடு கதவில்தான் அடிக்கணும் என்றானாம் வந்தவன். அவர் கோயிலைத் திறந்துவிட்டிருக்கிறார். அவன் சாத்தியிருந்த வரிசைக்கே முதல் கதவில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று அடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான். தையில் அவரவர் கதவை அவரவர் எடுத்து மாட்டினார்கள். எண் கலைந்துபோயிற்று. யாருக்கும் கவலை இல்லை. எண்ணைப் பார்த்து வீடு கண்டுபிடிக்க அந்த ஊருக்கு யாரும் வந்ததில்லை.

நான் தூக்கிய கதவை நிலையில் சாய்த்து வைத்தேன். "எண் வரிசைக்கு மாட்டிருவமா? ரெண்டு நாளைக்குத்தான?"

"அந்தோனி வீட்டுக் கதவ மிக்கேல் வீட்டுலயா? குடுமி சேராதுண்ணே. ஒவ்வொரு குழியும் ஒரு அளவு."

"அப்பத் தகட்டப் பிடுங்கிரலாம்."

"அரசாங்கத் தகடு. பிடுங்குனா அதுக்கொரு கேசு போடுவாக." கையில் இருந்த தூசியைத் தட்டினார். "அவரவர் கதவு அவரவர் வீட்டுல இருக்கு. இதுல என்ன பொய் இருக்கு? வர்றவரு பாக்கட்டும்."

மீதிக் கதவுகளையும் மாட்டினோம். சாயங்காலம் பாறை மேல் ஏறிப் பார்த்தேன். எல்லா வீட்டுக்கும் கதவு. ஊர் மாதிரியே இருந்தது.

மறுநாள் காலையில் மேலதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை. கால் சேற்றில் புதைந்து ஏறி வந்ததில் கோபமாக இருந்தார், அவ்வளவுதான். முதல் வீட்டின் தகட்டைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவது வீட்டில் நின்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன பொன்னையா, பதினேழு, மூணு, இருபது? இது ஊரா, கதவுக் கடையா?"

பொன்னையா சார் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் ஒரு கதவைத் தள்ளினார். அடுப்பில் கை வைத்தார். சாம்பல் இல்லை. அடுத்த வீடு. அதுவும் அப்படியே. நிலைக்குக் கீழே குனிந்து, குடுமி இறங்கிய இடத்தில் புதிதாகச் சிந்திய மண்ணை விரலால் தொட்டுக் காட்டினார்.

"நேத்து மாட்டியிருக்காங்க. எந்த ஊர்ல இருந்து தூக்கிட்டு வந்தீங்கம்மா? நாடகத்துக்கு செட்டுப் போட்ட மாதிரி இருக்கு."

சவேரியம்மா ஒன்றுவிடாமல் சொன்னார். திருடன், கோயில், காது கேட்காத கிழவர், தகடு அடித்தவன் எல்லாம். உண்மை முழுவதையும் சொன்னார். கேட்கக் கேட்க அது கட்டுக்கதையாகத்தான் ஒலித்தது. எனக்கே அப்படித் தோன்றியது.

"சரி. சனம் எங்க?"

"ஏலத்துக்குப் போயிருக்காக சார். கேரளாவுக்கு."

"எத்தன மாசம்?"

"தை வரைக்கும்."

"அப்ப வருசத்துல பாதி நாள் அங்க இருக்காங்க. அங்கத்து ஆளுங்கதான?"

"அங்கன பட்டியல்ல பேரு எழுத வந்தவுககிட்ட, நாங்க தேனிக்காரவுக, எங்களுக்கு ஊர் இருக்குன்னு சொல்லிட்டாக சார்."

அதிகாரி நோட்டைத் திறந்தார். பொன்னையா சார் முன்னால் வந்தார். எந்த மேலதிகாரியிடமும் அவர் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. "சார், இந்த ஒரு வீட்டையாவது அளந்துருவோம். ஆள் இருக்கு," என்றார். சவேரியம்மாவின் வீட்டை அளந்தோம். நான் கத்த, அவர் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். நான்கு மூலையிலும் சவேரியம்மா கை வைத்தார். "இது உங்க மூலைதானா?" "ஆமா சார்." நான்காவது மூலையில் கையை எடுக்காமல் நின்றார். "எங்க வீட்டுக்காரரயும் தூக்கிட்டு வந்து வைக்கச் சொல்லவா?" என்று கேட்டார். பொன்னையா சார் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"ஒரு வீடு நத்தம் ஆகாது பொன்னையா. நீங்க யாரும்மா இங்க? என்ன வேலை?" என்றார் அதிகாரி.

"காவல் சார். கதவுக்குக் காவல்."

அவர் அதையே எழுதினார். பாழ்பட்ட நத்தம், குடியில்லை, காவல் குடிசை ஒன்று. இறங்கும் வழியில் ஓடை மணலில் நின்று, அவரே பேச்சை எடுத்தார். "அந்தம்மா சொன்னது உண்மையாக் கூட இருக்கலாம். அத எந்தக் கட்டத்துல எழுதுறது, சொல்லுங்க."  இக்கரை டீக்கடையில் அதிகாரி டீ வாங்கிக் கொடுத்தார். வேலை முடிந்துவிட்டது, குடிக்கலாம். பொன்னையா சார் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஆறிப்போனதும் கீழே வைத்துவிட்டார்.

தையில் மறு ஆய்வு செய்யக் கேட்டு அவர் எழுதினார். பதில் வரவில்லை. மறுபடி எழுதினார். வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. தண்டனையா, வழக்கமான மாற்றலா, தெரியாது. போகும்போது என்னிடம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. "சங்கிலிய எண்ணெய் போட்டு வை தம்பி," என்று மட்டும் சொன்னார்.

அந்த வருச ஐப்பசியிலேயே மழை பிடித்தது. எனக்குத் தெரிந்தது பிறகுதான், டீக்கடைக்காரர் சொல்லி. அருளப்பனுக்கு அடைத்துக்கொண்டது. ஊரில் வேறு ஆள் இல்லை. சவேரியம்மா தன் வீட்டுக் கதவைக் கழற்றி, புருசனை அதில் உருட்டிப் படுக்கவைத்து, கயிறு கட்டிச் சரிவில் ஓடைக்கரை வரை தனியாக இழுத்து வந்திருக்கிறார். அக்கரையில் நின்று கத்தியது இக்கரையில் டீக்கடைக்குக் கேட்டிருக்கிறது. ஆட்கள் கூடியிருக்கிறார்கள், கயிறு வீசிப் பார்த்திருக்கிறார்கள். யாராலும் இறங்க முடியவில்லை. தண்ணீர் வடிவதற்கு முன்னால் அருளப்பன் அந்தக் கதவிலேயே போய்விட்டார். "கடைசி வரைக்கும் பேசிக்கிட்டேதான் இருந்தான்யா. என்ன பேசுனான்னு இங்கிட்டுக் கேக்கல. தண்ணிச் சத்தம்," என்றார் டீக்கடைக்காரர்.

தையில் சனம் இறங்கிவந்தது. அருளப்பன் கல்லறையை மந்திரித்து ஜெபம் பண்ணினார்கள். யாரும் விதைக்கவில்லை. கொஞ்ச நாளில் அவரவர் கதவை அவரவர் கழற்றி, இந்தத் தடவை கோயிலில் வைக்காமல், லாரியில் ஏற்றிக்கொண்டு மலையேறிவிட்டார்கள். ஆக, அதிகாரி எழுதியது சரியாகிப்போனது. எழுதும்போது சரியில்லை, பிறகு சரி. என் வேலைக்காலத்தில் வேறு எந்த அறிக்கையும் இவ்வளவு சீக்கிரம் உண்மையானதில்லை.

அதற்குப் பிறகும் நான் பல வருசம் சங்கிலி இழுத்தேன். அந்தப் பக்கம் அளக்கப் போனால் தூரத்தில் பாறையும் சிலுவையும் தெரியும். ஓடு சரிந்து, சுவர் கரைந்து, கடைசியில் இலவமரங்கள் மட்டும் நின்றன. பஞ்சு வெடித்துப் பறக்கும், பொறுக்க ஆள் இருக்காது.

கவிதா கேட்ட மறுவாரம் கம்பம்மெட்டு பஸ் ஏறினேன். ஓய்வு பெற்றும் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. விசாரித்து விசாரித்து, ஒரு தோட்டத்து லயத்தில் சவேரியம்மாவைக் கண்டுபிடித்தேன். முடி நரைத்துவிட்டது. காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை.

"வாங்கண்ணே. சங்கிலி எங்க?"

"அதெல்லாம் போச்சு தங்கச்சி."

"உக்காருங்க."

செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை போட்டிருந்தது. உட்கார்ந்த பிறகுதான் கை தகரத்தில் பட்டது. குனிந்து பார்த்தேன். துருப்பிடித்த வீட்டு எண் தகடு. அருளப்பனை இழுத்து வந்த கதவு. எழுந்துவிட்டேன்.

"அட, உக்காருங்கண்ணே. நாந்தான் தெனமும் அதுல படுக்குறேன்."

பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். மற்ற குடும்பங்கள் என்ன ஆயின என்று கேட்டேன். மிக்கேல் திருப்பூர். அந்தோனி பிள்ளைகள் நெடுங்கண்டம், மலையாளம்தான் பேசுகிறார்கள். கதவுகளைப் பழைய மரக்கடையில் போட்டுவிட்டார்கள். வேங்கைக்கு நல்ல விலை. இங்கே ஓட்டர் லிஸ்டில் பேர் இருக்கிறதா என்றேன். "ஒரு தடவ இருக்கு, ஒரு தடவ இல்லைங்குறாக," என்றார்.

கையேட்டு விசயத்தைச் சொன்னேன். மூன்று தலைப்பு, மக்கள்தொகை இல்லை என்று இருப்பது, வரலாற்றுக் கட்டம் காலியாகக் கிடப்பது எல்லாம். "குடி இருந்த ஊருதான்னு எழுதச் சொல்லுறேன் தங்கச்சி. உங்க பேரு, மாப்ள பேரு, கதவு சமாச்சாரம் எல்லாம். இப்ப உள்ள பிள்ள நல்ல பிள்ள, கேக்கும்," என்றேன்.

கை காயைப் பிரித்துக்கொண்டே இருந்தது. தலை நிமிராமலே கேட்டார்.

"ஓடையில பாலம் போட்டுட்டாகளா?"

"இல்ல."

"அப்ப மக்கள்தொகை இல்லைன்னே இருக்கட்டும். ஊரு, கோயிலு, குடி இருந்துச்சுன்னு நல்லதா நாலு வரி எழுதிப் போட்டா, எவனாவது நம்பிப் புள்ளகுட்டியோட வந்துறப் போறான்." முறத்தைத் தட்டிக் கீழே வைத்தார். "அந்தக் கட்டத்துல எதையாவது எழுதித்தான் ஆகணும்னா, ஓடையில பாலம் இல்லைன்னு போடச் சொல்லுங்க. படிக்கிறவன் தெரிஞ்சுக்கிறட்டும்."

இறங்கும் பஸ்ஸில் சிக்னல் கிடைத்ததும் கவிதாவைக் கூப்பிட்டு அதைச் சொன்னேன்.

"அது எப்படிண்ணே வரலாறாகும்?" என்றது பிள்ளை.

"போட்டுப் பாரு ஆத்தா. கம்ப்யூட்டர் ஏத்துக்கிருதான்னு சொல்லு."

கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் கேட்டது. "ஏத்துக்கிருச்சுண்ணே," என்றது.